கான்கிரீட் வீட்டில் அறுந்துபோகும் இணைப்பு: ஸ்மார்ட் ஹோம் ஹப்பைச் சீராக்கும் வழி

வீட்டு விளக்குகளையும் கேமராக்களையும் கதவு சென்சார்களையும் இயக்கும் ஹப் அடிக்கடி இணைப்பை இழந்தால், பெரும்பாலோர் முதலில் செய்வது எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடுவதுதான். உடனே சரியாகிவிடும், இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே தொல்லை. பல ரௌட்டர்களில் வைஃபை சேனல் தானியங்கித் தேர்வில் விடப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அது வேறொரு சேனலுக்குத் தாவக்கூடும். அந்தச் சேனல் தற்செயலாக நல்லதாக அமைந்தால் கோளாறு தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கோளாறு எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியாமலே போகிறது.

ஆகவே எதையும் அணைப்பதற்கு முன் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்க்க வேண்டும். கண்ணிகள் மூன்று: வெளி இணையத்திலிருந்து ரௌட்டர் வரை, ரௌட்டரிலிருந்து ஹப் வரை, ஹப்பிலிருந்து விளக்குகளும் சென்சார்களும் வரை. கைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்தாமல் சோதித்தால் கைபேசி சத்தமில்லாமல் சிம் வழியாகப் போய்விடும். வீட்டு இணைப்பு நன்றாக இருப்பதாக நம்பி ஏமாறுவோம். இணையதளம் திறக்காவிட்டால் கோளாறு முதல் கண்ணியில். இணையதளம் திறந்தும் ஹப்பின் செயலி 'ஆஃப்லைன்' என்று காட்டினால் இரண்டாவதில். ஹப் ஆன்லைனில் இருக்க, ஓர் அறையின் சாதனங்கள் மட்டும் பதில் தராவிட்டால் மூன்றாவதில். மடிக்கணினி இருந்தால் அதை ஹப்பின் அருகில் வைத்து, ரௌட்டரின் ஐபி முகவரிக்கு (வலையமைப்பில் ஒரு சாதனத்தைக் குறிக்கும் எண்) பத்து நிமிடம் தொடர்ந்து பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி, அனுப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கேயே அந்தச் செய்திகள் தொலைந்தால் இணைய நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை வீட்டுக்குள் இருக்கிறது.

மொரீஷியஸ் வீடுகளில் அது பெரும்பாலும் சுவரிலும் தளத்திலும்தான் இருக்கிறது. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் மரவீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு, இத்தீவு மக்கள் கான்கிரீட்டை நம்பத் தொடங்கினார்கள். புயலுக்கு அது அரண்; வைஃபைக்கும் அதேபோல அரண்தான். அடுத்த மாடிக்கென்று மொட்டை மாடியில் துருவேறி நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகளைப் பார்த்தாலே, நம் காலடித் தளத்துக்குள் எவ்வளவு இரும்பு பின்னிக் கிடக்கிறது என்பது விளங்கும். அந்தக் கம்பிவலை ரேடியோ அலையைத் தடுக்கிறது. க்யூர்பிப் போன்ற ஈரமான மேட்டுப் பகுதிகளில் மழையில் ஊறிய கான்கிரீட் இன்னும் கொஞ்சம் விழுங்குகிறது. இது போதாதென்று, ஃபைபர் கம்பி தெருப்பக்கமிருந்து வருவதால் ரௌட்டர் பல வீடுகளில் முன்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஹப்போ மாடியில் மகன் குடும்பத்தின் அறையில் இருக்கும்.

ஹப் இருக்கும் இடத்தில் வைஃபை வலிமை எவ்வளவு என்பதைக் கைபேசியில் ஒரு வைஃபை அளவீட்டுச் செயலி கொண்டு பாருங்கள். அது டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும்; எண் பெரிதாகப் பெரிதாக வலிமை குறைவு. மைனஸ் 60 டிபிஎம் அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 70 தாண்டினால் இணைப்பு ஊசலாடத் தொடங்கும். மைனஸ் 80 என்றால் ஹப் அங்கே இருக்கக் கூடாது. அலை தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போவதைவிட மாடிப்படியின் திறந்த வெளி வழியாக எளிதாக ஏறும் என்பதால், ஹப்பைப் படிக்கட்டின் தலைப்பில் வைத்தாலே சில வீடுகளில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். உலோக அலமாரி, குளிர்பதனப் பெட்டி, மீன்தொட்டி ஆகியவற்றின் பின்னால் மட்டும் வைக்க வேண்டாம்.

ஹப்பில் ஈதர்நெட் துளை இருந்தால் வைஃபையை மறந்துவிட்டுக் கேபிளைப் போடுங்கள். என் கருத்தில் இந்தக் கட்டுரை முழுவதிலும் அதிகப் பலன் தரும் வேலை இதுவே. கேட்-6 கேபிளைத் தொலைபேசிக் கம்பிக்குப் போட்ட பழைய குழாய் வழியாக மாடிக்கு ஏற்றலாம். மின்கம்பி ஓடும் குழாயில் மட்டும் சேர்த்து இழுக்கக் கூடாது. கடலோர வீடுகளில், அதாவது ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், மஹேபூர் போன்ற இடங்களில், உப்புக்காற்று கேபிள் முனையின் பொன்னிறத் தகடுகளை அரித்துவிடும். கேபிள் போட்டும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தகடுகளில் பச்சை படிந்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாக மாட்டுங்கள்.

மாடிக்குக் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரௌட்டர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை அப்படியே மாட்டினால் அது தனக்கென்று இன்னொரு வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும். கீழ்த்தளத்துக் கைபேசியும் மேல்தளத்து ஹப்பும் வெவ்வேறு வலையமைப்பில் இருப்பதால் ஒன்றையொன்று காணாது; ஆனால் இரண்டிலும் இணையம் நன்றாக வரும். இந்தக் குழப்பத்தில் பலர் ஹப்பையே மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அக்சஸ் பாயின்ட்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹப்பை விருந்தினர் வைஃபையில் சேர்த்திருந்தாலும் இதே விளைவுதான்.

பல ஹப்களும் மலிவான ப்ளக்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். ரௌட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்பதாக இருந்தால் அவை உள்ளே வரத் தடுமாறும். 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்து, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 முறையை வைத்துக்கொள்ளலாம். அதோடு ரௌட்டரில் ஹப்புக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். மின்தடைக்குப் பிறகு சில நேரம் முகவரி மாறிவிடுவதால் வரும் கோளாறு அத்துடன் ஒழியும்.

மூன்றாவது கண்ணிக்கு வருவோம். பல விளக்குகளும் சென்சார்களும் ஹப்போடு பேசும் ரேடியோ முறைக்கு ஜிக்பீ என்று பெயர். ஜிக்பீ சாதனங்களும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பங்குபோடுகின்றன. வைஃபை சேனல் 1 ஜிக்பீயின் 11 முதல் 14 வரையிலும், 6 அதன் 16 முதல் 19 வரையிலும், 11 அதன் 21 முதல் 24 வரையிலும் மேலேறி உட்கார்ந்துகொள்ளும். ஜிக்பீ 25-இல் இருந்தால் ரௌட்டரை 1-இல் நிறுத்தி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, தானியங்கித் தேர்வை அணைத்துவிடுங்கள். ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சாதனங்களை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க நேரலாம் என்பதால் வைஃபை சேனலை முதலில் மாற்றுவதே புத்திசாலித்தனம். கணினியில் செருகும் ஜிக்பீ குச்சியை (டாங்கிள்) யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகியிருந்தால் அந்தத் துளையே இரைச்சலை உண்டாக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

இதில் இன்னொரு பகுதி வீட்டாரின் பழக்கத்தைச் சார்ந்தது. மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் ஜிக்பீ பல்புகளும் ப்ளக்குகளும் மற்றச் சாதனங்களின் செய்தியை வாங்கிக் கடத்துகின்றன. கூடத்து பல்பைச் சுவர் சுவிட்சில் அணைத்தால், அதை நம்பியிருந்த பின்கட்டுக் கதவு சென்சாரும் ஊமையாகிவிடும். பில்லைக் குறைக்க எண்ணிப் படுக்கப்போகுமுன் வீடெங்கும் சுவிட்சைத் தட்டிவிடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், இரவு மட்டும் சென்சார்கள் மறைவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். அவர்களோடு வாதாடுவதைவிட, எப்போதும் அணைக்கப்படாத இடங்களில் இரண்டு ஜிக்பீ ப்ளக்குகளைச் செருகிவைப்பது எளிது. பாதை புதிதாக அமைய ஒரு நாள் வரை ஆகலாம், பொறுத்திருங்கள்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரையிலான புயல் பருவத்தில் மின்தடையும் மின்னலும் வரும். மின்சாரம் திரும்பும்போது ரௌட்டர் எழுவதற்கு முன்பே ஹப் எழுந்து, இணையம் இல்லை என்று முடிவுசெய்து நின்றுவிடுவதுண்டு. அப்போது ஃபைபர் பெட்டி, ரௌட்டர், ஹப் என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஏற்றுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினால் குறுகிய தடைகள் தெரியவே தெரியாது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து வாங்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மெதுவாக எரிந்தால், கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். மொரீஷியஸின் இணையம் 2002-இல் வந்த சேஃப், 2021-இல் வந்த மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்களை நம்பியிருக்கிறது. வெளிநாட்டு சர்வர் வழியாக மட்டும் இயங்கும் பல்புக்கு அந்தத் தூரம் முழுவதும் பயணமே. உள்ளூரிலேயே கட்டளையை முடிக்கும் ஹப்பையோ, 2022-இல் வெளியான, வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளையை முடிக்கும் மேட்டர் என்ற ஸ்மார்ட் ஹோம் தரத்தை ஏற்கும் சாதனங்களையோ வாங்கினால், இணையம் போனாலும் விளக்கு எரியும்.

கடைசியாக, இணைய நிறுவனத்தை அழைக்கும் நேரம். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச்சமிக்ஞையே வரவில்லை என்று பொருள். அணைத்துப் போட்டுப் பயனில்லை, நேராக அழைத்துவிடுங்கள். சிவப்பு இல்லாமலே இணையம் விட்டுவிட்டு வந்தால், ரௌட்டருக்கு ஒரு பிங், வெளி முகவரி ஒன்றுக்கு இன்னொரு பிங் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அறுந்த நேரங்களைக் குறித்துவைத்து அதைச் சொல்லுங்கள். "அடிக்கடி கட் ஆகிறது" என்று சொன்னால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். நேரத்தோடு சொன்னால் ஆள் அனுப்புவது பற்றிப் பேசுவார்கள்.