அப்சிடியனில் தமிழில் குறிப்பெடுக்க: முதல் கோப்பிலிருந்து இணைப்பு வரை

கணினியில் குறிப்பெடுக்க எந்தச் செயலி நல்லது என்று யார் கேட்டாலும் நான் அப்சிடியனைத்தான் சொல்வேன். நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே, நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்புறையில், ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கும். நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்புக் என்று வரம்பு கொண்டுவந்தது நினைவிருக்கலாம். நம் எழுத்து நம் கையில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அப்சிடியன் இலவசம். 2025 பிப்ரவரி முதல் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தவும் கட்டணம் கட்டாயமில்லை.

நிறுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

1. வால்ட் உருவாக்குங்கள்

முதல்முறை திறந்ததும் 'கிரியேட் நியூ வால்ட்' என்று கேட்கும். வால்ட் என்றால் ஒரு கோப்புறை, அவ்வளவுதான். பெயர் கொடுத்து இடத்தைக் காட்டுங்கள். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் கோப்புறை பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் இருக்கும். அப்படியானால் வால்ட் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்ற தெரிவை அழுத்திவிடுங்கள்.

2. எழுதுவதற்கு முன் இரண்டு அமைப்புகள்

செட்டிங்ஸில் 'ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்' பகுதிக்குப் போங்கள். ஒட்டும் படங்கள் எங்கே சேர வேண்டும் என்ற இடத்தில் 'படங்கள்' என்று தனிக் கோப்புறையைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டும் குறிப்புகளுக்கு நடுவே வந்து விழும். அப்புறம், பெயர் மாறினால் இணைப்புகளும் தானாக மாறும்படி உள்ள தெரிவை இயக்குங்கள். குறிப்பின் பெயரை அப்சிடியனுக்குள்ளேயே மாற்றினால்தான் இது வேலை செய்யும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் போய் மாற்றினால் இணைப்புகள் அறுந்துவிடும்.

பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எதையும் இப்போது போடாதீர்கள். முதல் மாதம் எழுதுங்கள், எது குறைகிறது என்று அப்போது தெரியும்.

3. முதல் குறிப்பு

கன்ட்ரோல்-என் அழுத்தினால் புதுக் குறிப்பு வரும். மேலே தலைப்பு, கீழே உரை. தலைப்புதான் கோப்பின் பெயர். அதனால் அதில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைக்காதீர்கள். 'ஔவையார்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறிகள்: ஔ, வ, ஐகாரக் குறி, ய, கால், ர, புள்ளி. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 21 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. பெயரின் கடைசியில் வரும் '.md' என்ற பின்னொட்டு போக 84 குறிகளுக்குத்தான் இடம். விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு என்பதால் அங்கே நீளமான தலைப்பு சிக்கலில்லாமல் போகும். அதே கோப்பை லினக்ஸ் மடிக்கணினிக்குக் கொண்டுபோனால் நகலாகாமல் நிற்கும், காரணமும் சட்டென்று புரியாது. நான்கைந்து சொற்களோடு தலைப்பை முடித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

4. இணைப்பு (இங்கே நிதானமாகப் போங்கள்)

அப்சிடியனின் உயிர் இதில்தான் இருக்கிறது. இரண்டு சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் அது இன்னொரு குறிப்புக்கு இணைப்பாகிவிடும். அதியமான் பற்றி எழுதும்போது [[ஔவையார்]] என்று போட்டால் போதும். அந்தக் குறிப்பு இன்னும் இல்லையென்றால், சொடுக்கியதும் உருவாகும்.

தமிழில் மூன்று இடங்களில் இது மாட்டிக்கொள்ளும்.

முதலாவது விசைப்பலகை. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் சதுர அடைப்பு இருக்கும் விசைகளில்தான் ச-வும் ஞ-வும் உள்ளன. இரண்டு முறை தட்டினால் 'ச்ச' என்று வரும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, அடைப்பைப் போட்டு, மறுபடி தமிழுக்கு வருவது எரிச்சலான வேலை. அதைவிட, செட்டிங்ஸில் 'ஹாட்கீஸ்' திறந்து, 'ஆட் இன்டர்னல் லிங்க்' என்ற கட்டளைக்கு எஃப்8 போன்ற ஒரு விசையை ஒதுக்கிவிடுங்கள். அடைப்பு தானாக வந்து விழும். இதற்காகத் தமிழ்99-ஐ விட வேண்டாம். ஒலிபெயர்ப்பு முறையில் அடைப்பு சுலபம்தான், ஆனால் நீளமாக எழுதும்போது தமிழ்99-இன் வேகம் அதில் வராது.

இரண்டாவது வேற்றுமை உருபு. 'ஔவையாருக்கு நெல்லிக்கனி தந்தான்' என்று எழுத வேண்டும். [[ஔவையார்]]உக்கு என்று ஒட்டினால் பார்க்கவே சகிக்காது, திரையில் புள்ளி எழுத்தோடு உயிர் சேராது. செங்குத்துக் கோடு இதற்குத்தான்: [[ஔவையார்|ஔவையாருக்கு]]. கோட்டுக்கு முன்னால் குறிப்பின் பெயர், பின்னால் படிப்பவர் கண்ணில் படும் சொல். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது எப்போதாவது தேவைப்படும், நமக்கு வரிக்கு வரி வேண்டும். விரல் பழகும்வரை விடாதீர்கள்.

மூன்றாவது ஔ. இதை ஒற்றை எழுத்தாகவும் தட்டலாம், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதிவிடலாம். திரையில் [[ஔவையார்]], [[ஒளவையார்]] இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள், ஆகவே இரண்டு குறிப்புகள் உருவாகும். தமிழ்99-இல் இசட் விசையில் சரியான ஔ இருக்கிறது, அதையே பழகுங்கள். வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டும் உரையில் எது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஔவையார் குறிப்பின் பண்புகள் பகுதியில் 'அலையசஸ்' என்பதைத் தேர்ந்து, தவறான வடிவத்தையும் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். குறிப்பைத் தேடும்போது எந்த வடிவத்தில் தட்டினாலும் அதே குறிப்பு முன்னால் வரும்.

5. தேடல்

கன்ட்ரோல்-ஓ குறிப்பின் பெயரைத் தேட, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப் எல்லாக் குறிப்புகளுக்கும் உள்ளே தேட. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' எதுவும் சிக்காது. 'வீட' என்று பாதியில் நிறுத்துங்கள், எல்லாமே வரும். சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்டுவதுதான் தமிழ்த் தேடலுக்கு நல்ல வழி.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் பழைய கோப்புகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது என்றார்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரை. உரைக் கோப்பில் எழுத்துரு ஒட்டாது. யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.

எவர்நோட், ஒன்நோட், கூகுள் கீப் ஆகியவற்றிலிருந்து மாறுபவர்களுக்கு 'இம்போர்ட்டர்' என்ற அதிகாரபூர்வ பிளகின் உண்டு. முதல் மாதம் பிளகின் வேண்டாம் என்றதற்கு இது மட்டும் விதிவிலக்கு.

அட்டவணைக்குள் செங்குத்துக் கோடு போட்ட இணைப்பு உடைகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அட்டவணையில் அந்தக் கோடுதான் கட்டங்களையும் பிரிக்கிறது. கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்து [[ஔவையார்\|ஔவையாருக்கு]] என்று எழுதினால் சரியாகிவிடும்.