ஆள்காட்டி விரல் அடிமூட்டு விலகினால் இழுக்காதீர்கள்

கையை ஊன்றி விழும்போது ஆள்காட்டி விரலின் அடிமூட்டு, அதாவது கையை மூடினால் முட்டியாகப் புடைக்கிற மூட்டு, புறங்கைப் பக்கம் விலகுவது அபூர்வம். விலகிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் உடனே விரலைப் பிடித்து இழுக்கப் பார்ப்பார். தயவுசெய்து விடாதீர்கள். கையாலேயே சரியாகிவிடக்கூடிய விலகலை ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும் அந்த ஓர் இழுப்பு.

மூட்டின் உள்ளங்கைப் பக்கம் வோலார் பிளேட் என்ற தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. விரல் பின்னால் வளையும்போது அது உள்ளங்கை எலும்பிலிருந்து பிய்ந்து விரல் எலும்போடு போகும், அந்த நேரம் இழுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவே புகுந்து மாட்டிக்கொள்ளும். உள்ளங்கை எலும்பின் தலையோ ஒரு பக்கம் விரலை மடக்கும் தசைநாண்கள், மறுபக்கம் லும்பிரிக்கல் என்ற சிறு தசை என்று பொத்தான் துளையில் சிக்கிய மாதிரி நிற்கும். 1957இல் கப்லான் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்தார். இழுக்க இழுக்க இறுகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் பின்பக்கமாக 60 முதல் 90 டிகிரி வரை தூக்கிக்கொண்டு பயங்கரமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் எளிய விலகல், அதாவது பிளேட் இன்னும் நடுவே மாட்டாதது. லேசாக மட்டும் நிமிர்ந்து, பக்கத்து விரல் மேல் சற்றே சாய்ந்து, உள்ளங்கைத் தோல் ஓரிடத்தில் குழிந்திருந்தால்தான் சிக்கல், 'வெறும் சுளுக்கு' என்று விட்டுவிடுவதும் இதைத்தான். எக்ஸ்ரேயை நேராக மட்டும் எடுக்காமல் பக்கவாட்டிலும் சாய்வாகவும் எடுக்கச் சொல்லுங்கள். மூட்டு இடைவெளி அகன்று, அதற்குள் எள் போன்ற செசமாய்டு எலும்பு தெரிந்தால் பிளேட் உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை மோதிரத்தைக் கழற்றி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கையை உயர்த்தி அசையாமல் பிடித்திருந்தால் போதும்.

எளிய விலகல் என்றால் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, மணிக்கட்டை மடக்கி, விரல் எலும்பின் அடியைப் புறங்கைப் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளி, வழுக்கினாற்போல உட்கார வைப்பார். சிக்கலானதற்கு ஆபரேஷன்தான், திரும்பத் திரும்ப முயன்றால் குருத்தெலும்பு கெட்டுவிடும். உள்ளங்கை வழியாகத் திறந்தால் விரல் நரம்பு தோலுக்கு அடியிலேயே விறைத்து நிற்பதால் கத்தி மிகக் கவனமாக இறங்க வேண்டும். அதனாலேயே பலர் புறங்கை வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்புறம், விரல் முழுதாக நிமிராதபடி தடுக்கும் ஸ்பிளின்ட் இரண்டு மூன்று வாரம் இருக்கும், ஆனால் அதற்குள்ளேயே மடக்கிப் பழகச் சொல்வார்கள். வலிக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், விரல் விறைத்துப்போனால் மறுபடி மடக்க மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.