இரண்டு வெப்பமானி, ஒரு பழைய வேட்டி: மகேந்திரகிரி மேகத்தின் உயரத்தை அளப்போம்

நாகர்கோவிலில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் ஏறி வடக்கே, கொஞ்சம் கிழக்காகப் பாருங்கள். பல நாட்களில் அங்கே நிற்கும் மகேந்திரகிரி மலையின் உச்சியை மட்டும் மேகம் மறைத்திருக்கும். அதற்குக் கீழே மலை தெளிவாகத் தெரியும். மேகத்தின் அடிப்பக்கம் அரிவாளால் அறுத்த மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். ஏன் சரியாக அந்த மட்டத்தில்? நேற்று இன்னும் மேலே இருந்ததே?

வானிலையியல் படிக்கச் சேருகிறவர்கள் "எங்கிருந்து சார் தொடங்குவது?" என்று கேட்டால் நான் இந்தக் கேள்வியைத்தான் கையில் கொடுப்பேன். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம் என்று தொடங்கும். அங்கேயே பாதி வகுப்பு தூங்கிவிடும். அதிகபட்சம் நான்கு சதவீதத்தைத் தாண்டாத நீராவிதான் நம் ஊர் வானத்தில் எல்லா வேலையையும் செய்கிறது. அதை அளந்து பார்த்துவிட்டுப் பிறகு நைட்ரஜனுக்குப் போகலாம்.

என்னென்ன வேண்டும்

ஆய்வகச் சாதனங்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடி வெப்பமானி இரண்டு. பழைய வேட்டித் துண்டு, நூல், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில், ஒரு பனையோலை விசிறி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35-இல் தொடங்கி 42-இல் முடிந்துவிடும். (நான் முதலில் வாங்கியது அதைத்தான். வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.)

முதல் படி: இரண்டும் ஒத்துப்போகிறதா?

இரண்டு வெப்பமானிகளையும் ஒரே சொம்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஒன்று 28, மற்றொன்று 28.5 காட்டினால் பதற வேண்டாம். அந்த அரை டிகிரியை நோட்டில் எழுதிவைத்து, பிறகு ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒன்றுக்கு வேட்டி கட்டுதல்

புதுத்துணி வேண்டாம். அதில் கஞ்சி இருக்கும், தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. பலமுறை துவைத்த பருத்தித் துணியை வெப்பமானியின் குமிழில் ஒரே ஒரு சுற்றாகச் சுற்றி, நூலால் கட்டி, டிஸ்டில்டு வாட்டரில் நனையுங்கள். கடலோர ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தால் நாலே நாளில் துணியில் உப்புப் படிந்து விறைத்துவிடும்.

மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே வழியில்தான் இந்த ஈரத்துணியும் வேலை செய்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதைத் துணியும் குமிழும் கொடுப்பதால் வெப்பநிலை இறங்குகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைய இருந்தால் ஆவியாதல் மந்தமாகும், இறக்கமும் குறையும். ஆக, இரண்டு வெப்பமானிகளுக்கும் உள்ள வித்தியாசமே காற்றின் வறட்சியைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: நிழல், காற்று

நான் முதல்முறை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டேன். 39 டிகிரி காட்டியது. நாகர்கோவிலில் 39-ஆ என்று ஒரு நிமிடம் புல்லரித்துப் போனேன். நான் அளந்தது சிமென்ட் சுவரின் சூட்டை. சுவரிலிருந்து தள்ளி, முழு நிழலில், நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். வானிலை நிலையங்களில் பார்க்கும் வெள்ளை மரப்பெட்டியும் இதற்காகத்தான். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளராக இருந்தவர். முட்டம் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அப்புறம் விசிறி. ஈரத்துணியை மூன்று நான்கு நிமிடம் நிறுத்தாமல் விசிறுங்கள். வெப்பநிலை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. விசிறாமல் பார்த்தால் துணியைச் சுற்றி ஈரக்காற்று அப்படியே தங்கிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும்.

நான்காம் படி: கொஞ்சம் கணக்கு

ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்றில் நீராவியின் அழுத்தம் எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் இதோ: 20 டிகிரிக்கு 23.4; 21-க்கு 24.9; 22-க்கு 26.4, 23-க்கு 28.1, 24-க்கு 29.8, 25-க்கு 31.7, 26-க்கு 33.6, 27-க்கு 35.7, 28-க்கு 37.8, 30-க்கு 42.4, 32-க்கு 47.6, 34-க்கு 53.2. இருபதிலிருந்து முப்பதுக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுவதைக் கவனியுங்கள்.

உலர்ந்த வெப்பமானி 32, ஈரத்துணி 26 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 26-க்கு உரிய அழுத்தம் 33.6. அதிலிருந்து வித்தியாசத்தை (6) 0.67-ஆல் பெருக்கிக் கழியுங்கள்: 33.6 − 4.0 = 29.6. காற்றில் உண்மையில் இருக்கும் நீராவியின் அழுத்தம் இதுதான். (கடல்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் 0.67. கொடைக்கானலில் இந்த எண் குறையும்.) இதை 32-க்கு உரிய 47.6-ஆல் வகுத்தால் ஒப்பு ஈரப்பதம் 62 சதவீதம்.

நமக்கு அதைவிட முக்கியமானது பனிநிலை. 29.6 என்பது எந்த வெப்பநிலையின் உச்சவரம்பு? பட்டியலில் 24-க்குச் சற்றுக் கீழே, 23.9. இந்தக் காற்றை 23.9 வரை குளிர்வித்தால் நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும். ஈரப்பத சதவீதம் காலைக்கும் மதியத்துக்கும் வெயிலோடு ஏறி இறங்கும். பனிநிலை அவ்வளவு எளிதில் மாறாது. இன்று எந்தக் காற்று ஊருக்குள் வந்திருக்கிறது என்று தெரிய நான் பார்ப்பது பனிநிலையைத்தான்.

ஐந்தாம் படி: 125

வெயிலில் சூடான தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலை வெளியிலிருந்து யாரும் தருவதில்லை. தன் கையிருப்பிலிருந்தே செலவழிக்கிறது, அதனால் குளிர்கிறது. எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐக் காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஜூல்) 1004-ஆல் வகுங்கள். மீட்டருக்கு 0.0098 டிகிரி, அதாவது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. இவ்வளவு எளிமையாக வந்துவிடும் பெரிய முடிவு இயற்பியலில் அதிகம் இல்லை. தேர்வுக்கு இதன் வருவிப்பை மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை கையால் செய்து பார்க்கலாம்.

மேலே போகும்போது மொத்த அழுத்தத்தோடு நீராவியின் அழுத்தமும் குறைவதால் பனிநிலையும் இறங்கும், ஆனால் மெதுவாக: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டிகிரி. அப்படியானால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. ஒரு டிகிரி சுருங்க 125 மீட்டர். 1830-களில் அமெரிக்கர் ஜேம்ஸ் எஸ்பி கண்டு சொன்ன விதி இது.

நம் கணக்கில் இடைவெளி 32 − 23.9 = 8.1. அதை 125-ஆல் பெருக்கினால் சுமார் 1010 மீட்டர். மேகத்தின் அடிப்பக்கம் அங்கே.

ஆறாம் படி: மலையிடம் கேட்போம்

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. மகேந்திரகிரியின் உயரம் சுமார் 1650 மீட்டர். மேகத்தின் அடிப்பக்கம் 1010 மீட்டரில் என்றால் உச்சி அறுநூறு மீட்டருக்கும் மேல் மேகத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். சமஉயரக் கோடுகள் காட்டும் வரைபடத்தைக் கைபேசியில் திறந்து, மேகம் மலையைத் தொடும் இடம் எந்தக் கோட்டில் வருகிறது என்று பாருங்கள். நூறு மீட்டர் பிசகினால் மனம் தளராதீர்கள். ஈரத்துணியின் அளவை அரை டிகிரி தப்பாகப் படித்தாலே தொண்ணூறு மீட்டர் மாறிவிடும்.

இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1850-களில், ஜான் ஆலன் ப்ரவுன் என்பவர் கருவிகளை அகத்தியமலை உச்சிக்கே சுமந்துகொண்டு போய் ஆய்வுக்கூடம் அமைத்தார். யானைக்காடு வழியாக! நமக்கு மொட்டைமாடி போதும்.

எப்போது பொய்க்கும்

பஞ்சுப்பொதி போன்ற குமுலஸ் மேகத்துக்கு, வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் இதை நம்பலாம். இரவில் தரையை ஒட்டிய காற்று தனியே குளிர்ந்து கிடக்கும். மழை பெய்யும்போது கேட்கவே வேண்டாம். வானத்தில் மிக உயரே இழை இழையாகத் தெரியும் மேகத்துக்கும் நம் மாடிக் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கன்னியாகுமரி, மணக்குடி, குளச்சல் கரையில் நின்று அளந்தால் கடற்காற்றின் கணக்குத்தான் வரும். மலைமேல் நிற்கும் மேகம் வேறு காற்றில் உருவானதாக இருக்கலாம். அதனால் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்து அளப்பது நல்லது.

வண்டி இருந்தால் ஒரு பயிற்சி

ஆனி, ஆடியில் ஒரு நாள் நண்பரை மார்த்தாண்டத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலுக்குப் போங்கள். இருவரும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். அங்கே சாரல், இங்கே காற்றாலைகள் சுழலும் வறண்ட கச்சான் (மேல்காற்று). மேற்கிலிருந்து வரும் காற்று மலையேறும்போது மழையாக நீரை இழந்து, மறுபக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு அதே 9.8 டிகிரி சூடாகிறது. கணவாயில் நெருக்கிப் பிடிக்கப்படுவதால் வேகமும் கூடுகிறது.

உதாரணத்துக்கு முப்பந்தலில் 34, ஈரத்துணி 25 என்று வந்தால்: 31.7 − 6.0 = 25.7, பனிநிலை 21.5, இடைவெளி 12.5, மேகத்தின் அடிப்பக்கம் 1560 மீட்டர். அப்படியொரு நாளில் மகேந்திரகிரியின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு துண்டு மேகம்தான் மிஞ்சும். நண்பரின் எண்ணை போனில் கேட்டு உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்து ஐப்பசி மழை பிடித்த பிறகு, காற்று கொண்டலுக்கு (கீழ்க்காற்றுக்கு) திரும்பியிருக்கும்போது, அதே இரண்டு இடங்களில் மறுபடி அளவெடுங்கள்.