கொழுப்பு காட்டும் எடை மெஷினை எவ்வளவு நம்பலாம்?

காலையில் எழுந்ததும் ஏறினேன், உடல் கொழுப்பு 29 சதவீதம். வேலூர் லாங்பஜாரில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் அதே மெஷினில் ஏறினால் 26. என் எடைக்கு அது இரண்டு கிலோவுக்கு மேல் வரும், ஒரே பகலில் அவ்வளவு கொழுப்பு கரையாது. நின்றுகொண்டே இருந்ததில் நீர் காலில் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. ஒரு பாதத்தில் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி மறு பாதத்தில் வாங்கி, வழியில் எவ்வளவு தடை இருந்தது என்று பார்க்கிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு. மீதியெல்லாம் நீங்கள் கொடுத்த உயரம், வயது, பாலினத்தை வைத்துப் போடும் கணக்கு. சந்தேகமாக இருந்தால் செட்டிங்கில் உயரத்தை 10 செ.மீ. குறைத்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள், உடம்பு அதேதான், சதவீதம் மாறிவிடும். அதிலும் பாதத்தில் மட்டும் தகடு உள்ள மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால் வழியாகவே போய்த் திரும்பிவிடுகிறது. நம்மில் பலருக்குக் கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் தனியாகத் தெரியும், அந்தத் தொப்பையை இது சரியாகப் பார்ப்பதே இல்லை.

அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், கழிவறை போய்விட்டு, காபிக்கு முன்னால் ஏறுங்கள். பாய், கம்பளம் மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். பாதம் சுத்தமாக இருக்கட்டும். பித்தவெடிப்பும் காய்ப்பும் தகட்டோடு சரியாக ஒட்டாமல் எண்ணைக் கெடுக்கும். மூன்று தடவை ஏறி நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாதீர்கள், இரண்டு மாதம் ஒரே பக்கமாக நகர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. முந்தின நாள் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டிருந்தால் அந்த வாரம் வேறு நாள் பாருங்கள், உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து போயிருந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது, இதை வீட்டுப் பெரியவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஜிம்மில் தோலைக் கிள்ளி அளக்கும் காலிப்பர், அளப்பவர் கை பழகியிருந்தால் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆள் அதே இடத்தில் அளக்க வேண்டும். எக்ஸ்ரேயை வைத்து உடம்பின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இவற்றைவிட நம்பகமானது, உடம்பில் படும் எக்ஸ்ரே குறைவுதான், செலவு அதிகம். அதுவும் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும்.

என்னைக் கேட்டால் முதலில் தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் படியுங்கள். இந்தியர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால், மெஷின் எத்தனை சதவீதம் காட்டினாலும் சரி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.