திருமயம் கோட்டை: எந்தப் பக்கத்தைப் பார்ப்பது, எதை விடுவது?

காரைக்குடிக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், கானாடுகாத்தானில் தங்கிச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தவர்கள், அரை நாள் மிச்சமிருந்தால் திருமயத்துக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். காரைக்குடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கானாடுகாத்தானிலிருந்து அதில் பாதிதான். போகிறவர்களில் நிறையப் பேர் பாறை உச்சிக்கு ஏறி, பீரங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த மலையில் பார்க்க வேண்டிய முதல் பொருள் உச்சியில் இல்லை. தெற்கு அடிவாரத்தில், பாறையைக் குடைந்த இரண்டு கோயில்களுக்குள் இருக்கிறது.

இடத்தை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரே பெரும்பாறை. அதைச் சுற்றி ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் எழுப்பிய கோட்டை, ஏறத்தாழ 40 ஏக்கர். ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று நிற்பது நான்கு. பாறையின் தெற்குச் சரிவில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீசுவரர் கோயிலும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இந்தக் குடைவரைகள் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. வடக்குப் பக்கம், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, வெளி மதிலிலேயே கோட்டை பைரவர். ஆக கோட்டை, கோயில்கள், பைரவர் என மூன்று இடம், தனித்தனி வாசல். கோட்டைக்கு டிக்கெட் வாங்கும் வாசல் வழியாகக் கோயிலுக்குள் போக முடியாது. வெளியே வந்து தெருவழியாகச் சுற்றித்தான் போகணும். இது தெரியாமல் "மேலேருந்து அப்படியே கோயிலுக்கு இறங்கிடலாம்" என்று நினைத்துத்தான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பதைக் கடிகாரம்தான் முடிவு செய்யணும். கோயில் நடை மதியம் 12 மணியளவில் சாத்தினால், திரும்பத் திறக்க மாலை 4 மணி ஆகும். கோட்டை தொல்லியல் துறையின் கையில். மதியமும் திறந்திருக்கும், சாயங்காலம் மூடிவிடுவார்கள். எனவே:

காலை 9 மணிக்கு முன் ஊருக்குள் வந்துவிட்டால், முதலில் கோயில்கள், பிறகு பாறை. பெருமாள் கோயிலில் முக்கால் மணி, சிவன் கோயிலில் அரை மணி, பிறகு ஏறி இறங்க ஒரு மணி. 12-க்குள் எல்லாம் முடியும்.

11 மணிக்குத்தான் வர முடியும் என்றால், நேரே கோயில்களுக்குப் போங்கள். உச்சியை மறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் முதலில் ஏறினால் இரண்டு தொல்லை: பாறை கொதிக்கும்; இறங்கி வரும்போது நடை சாத்தியிருக்கும்.

மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் 3 மணிக்கு மேல் ஏறி, நாலரைக்குள் இறங்கி, பிறகு கோயிலுக்கு வரலாம். வெளிச்சமும் அப்போதுதான் கண்ணைக் கூசாது.

இனி கோயில்களுக்குள். சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. நின்ற கோலத்தில் சத்தியமூர்த்தி ஒரு சன்னதி, கிடந்த கோலத்தில் பெருமாள் குடைவரைக்குள் இன்னொரு சன்னதி. அவசரத்தில் நின்ற பெருமாளோடு கும்பிட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. தவறவிடக் கூடாதது கிடந்த கோலம்தான். பாறையிலேயே செதுக்கிய உருவம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைவிடப் பெரியவர் என்பது ஊர்ப்பேச்சு.

உள்ளே இருட்டாக இருக்கும். வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் பெருமாளின் முகம் மட்டும்தான் தெரியும்; பின்சுவரில் இருக்கிற கூட்டம் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் ஓரமாக நின்று கண் பழகட்டும். அப்புறம் பாருங்கள்: பெருமாளுக்குப் பின்னால் தேவர்களும் முனிவர்களும், பெருமாளின் ஆயுதங்கள் மனித வடிவெடுத்த ஆயுத புருஷர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். கால்மாட்டில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள். அவர்களை நோக்கி ஆதிசேஷன் நெருப்பைக் கக்குகிறான். அந்தத் தீநாக்குகளையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பெருமாளைக் கேட்காமல் கக்கிவிட்டோமே என்று சேஷன் படத்தைச் சுருக்கிக்கொள்ள, பெருமாள் கையை நீட்டித் தட்டிக்கொடுக்கிறார் என்பது தல புராணம். நீட்டிய அந்தக் கையைத் தேடிப் பாருங்கள். பட்டாச்சாரியார் தீபம் காட்டும்போது ஒளி முதலில் முகத்துக்குப் போகும். "சுவரையும் கொஞ்சம் காட்டுங்க சாமி" என்று தணிவாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார். செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். கருவறையில் படமெடுக்கவும் விடமாட்டார்கள்.

வெளியே வந்தால் எண்கோண வடிவில் சத்திய புஷ்கரணி. படியில் இறங்காமல் மேலிருந்தே பார்த்தாலும் வடிவம் பிடிபடும்.

பக்கத்துச் சிவன் கோயிலில் கூட்டம் குறைவு. அதுவே அங்கே நிதானமாக நிற்கக் காரணமாகணும். குடைவரைக்குள் லிங்கத்துக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆளை அசத்தும் அளவில் லிங்கோத்பவர், அதாவது லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன். பொதுவாகக் கருவறையின் பின்சுவர் மாடத்தில் சிறிதாக இருக்கிறவரை இங்கே சுவர் நிறையப் பார்க்கலாம். லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பினால்தான் கண்ணில் படுவார். கும்பிட்ட கையோடு வெளியேறுகிறவர்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

சுவரில் ஒரு சங்கீதக் கல்வெட்டின் மிச்சமும் இருக்கிறது. 'பரிவாதினி' என்ற யாழின் பெயர் அதில் வருகிறது. பெரும்பகுதி செதுக்கி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் வேறொரு கல்வெட்டு உட்கார்ந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயில்காரர்களுக்குள்ளும் வழக்கு மூண்டு, கர்நாடகத்துப் போசள அரசின் தளபதி ஒருவர் வந்து தீர்த்து வைத்தார். தீர்ப்பை எழுத இடம் தேடியவர்களுக்குப் பாட்டு வெட்டிய சுவர்தான் கிடைத்தது. இரண்டு கோயிலுக்கும் நடுவே நிற்கும் சுவரைப் பார்த்தால் அந்தச் சண்டை எவ்வளவு நெருக்கமான இடத்தில் நடந்தது என்பது புரியும்.

பாறைக்கு வருவோம். ஏற கால் மணியிலிருந்து இருபது நிமிடம் போதும், ஏற்றம் கடினமில்லை. தொல்லை வேறு. பாறையில் வெட்டிய படிகள் காலால் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அதன்மேல் பொடி மணல் கிடந்தால் ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள அடி கொண்ட செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் ஏறினால் பங்குனி, சித்திரையில் கால் பொரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தூறி ஓய்ந்த உடனே ஏறாதீர்கள். பாறை காய ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே நிழலும் இல்லை, கடையும் இல்லை. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துக்கொள்ளணும். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு விடாது. முதுகுப் பைக்குள் வையுங்கள்.

பாதி வழியில் பாறைச் சரிவில் குடைந்த சிறு சிவன் சன்னதி ஒன்று இருக்கிறது. இரும்பு ஏணியில் ஏறித்தான் உள்ளே எட்ட முடியும். புடவையோ வேட்டியோ கட்டியவர்களுக்குச் சிரமம், இறங்கும்போது இன்னும் சிரமம். ஏணியை அடைத்திருந்தால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நகருங்கள். அதற்கு மேல் வெடிமருந்துக் கிடங்கு, சுனை, உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி. மதிலை ஒட்டி நடக்கும்போது அடியில் கருங்கல்லும் மேலே செங்கல்லுமாக மாறுகிற வரிசையையும், துப்பாக்கி நீட்ட விட்ட துளைகளையும் கவனியுங்கள். உச்சிக் காட்சியைவிட அந்தத் துளை வழியாகத் தெரிகிற சிறு துண்டு நிலம் கோட்டையை நன்றாக விளக்கும்: எந்தத் துளை எந்த வழியைக் காத்தது என்று அங்கிருந்தே சொல்லிவிடலாம்.

ஆச்சி, அப்பத்தா கூட வந்தால், முழங்கால் வலி இருக்கிறவர்களை ஏற்றவே வேண்டாம். அவர்களைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு ஏறலாம், நடை சாத்தும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்தால். அவர்களுக்கு இங்கே மிகவும் பிடிப்பது பெரும்பாலும் கோட்டை பைரவர்தான். வைரவன்பட்டியில் வைரவரைக் கும்பிட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இவரைத் தாண்டிப் போக மனம் வராது. சாலையோரம் என்பதால் பத்து நிமிட வேலை. தேங்காய் உடைக்கிற லாரிக்காரர்களும் புது வண்டிக்காரர்களும் எப்போதும் நிற்பார்கள். தேய்பிறை அஷ்டமியில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். அதேபோல் வைகுண்ட ஏகாதசியன்று பெருமாளின் பின்சுவரை நின்று பார்க்க நினைப்பது வீண்.

பஸ்ஸில் வருகிறவர்கள் காரைக்குடியில் புதுக்கோட்டை வண்டி ஏறும்போதே, "திருமயம் ஊருக்குள்ள போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகள் வெளியிலேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் நிற்கிற வண்டிகள் சொற்பம். அதை நம்பி அரை நாள் திட்டம் போட முடியாது.

சங்கீதக் கல்வெட்டு மனதைப் பிடித்துக்கொண்டவர்கள் குடுமியான்மலைக்குப் போகணும். முழுசாக இருப்பது அங்கேதான். அது புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். திருமயத்தோடு ஒரே காலையில் சேர்த்தால் இரண்டிலும் நடை சாத்திய கதவுதான் மிஞ்சும். சித்தன்னவாசலோடு சேர்த்து இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.