கால்புரொடெக்டின் சோதனைக்கு மலம் எடுப்பது எப்படி?

மலத்தை டப்பாவில் கொண்டுவரச் சொன்னாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சிங்கப்பூரில் ஆய்வக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: எங்களுக்கு அருவருப்பு கிடையாது. தண்ணீர் கலந்து வந்தால்தான் எரிச்சல்.

குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் அளப்பதுதான் இந்தச் சோதனை. குடலில் அழற்சி வந்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் அங்கே திரளும். அவற்றின் உட்கூழில் உள்ள புரதத்தில் ஏறத்தாழப் பாதி கால்புரொடெக்டின்தான். எஸ்100ஏ8, எஸ்100ஏ9 என்ற இரண்டு புரதங்களின் ஜோடி. வெளியே கொட்டியதும், கிருமிகளுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடித்துவைத்து அவற்றைப் பட்டினி போடும். கால்சியம் ஒட்டினால் ஜோடிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இறுகிவிடும். பிறகு குடலின் நொதிகளால் அதை எளிதில் சிதைக்க முடியாது. அதனால்தான் மலத்தில் அளக்கவே முடிகிறது.

"அப்போ கால்சியம் மாத்திரையை நிறுத்தணுமா?" என்று கேட்காத பாட்டி இல்லை. வேண்டாம்மா, இது உடம்பின் கால்சியத்தை அளக்கும் சோதனை இல்லை. மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள்தான் கால்புரொடெக்டின் அளவை ஏற்றிவிடும். அவற்றைப் பற்றிப் பலதுறை மருந்தக டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நாளென்றால் தள்ளிப் போடுங்கள்.

சரி, எடுக்கும் முறை. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். கழிப்பறை இருக்கையைத் தூக்கி, பீங்கான் விளிம்பின் குறுக்கே பிளாஸ்டிக் தாளைத் தொய்வாக விரித்து, இருக்கையை அதன்மேல் இறக்குங்கள். சாப்பாடு கட்டிவரும் சுத்தமான தாப்பாவ் டப்பாவில் பிடித்தாலும் சரிதான். மலம் எடுத்து முடிக்கும்வரை தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள். சோதனை டப்பாவின் மூடியோடு வரும் கரண்டியால் வெவ்வேறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, அந்த டப்பாவில் சுண்டைக்காய் அளவு போடுங்கள். விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறக்கவே பயப்பட வைத்தவர்களும் உண்டு! பெயர், தேதி, நேரம் எழுதி அன்றே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் இரண்டு பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு.

பெரியவர்களுக்கு, கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் குடல்நோக்கி (கொலோனோஸ்கோபி) சோதனைக்கு அனுப்புவார்கள். நடுவில் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமியும் அளவை ஏற்றும், அதை வைத்தே புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.