வீட்டு உரம் கற்றுத் தரப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சமையலறைக் கழிவை வாளியில் போட்டு உரமாக்கச் சொல்லிக் கொடுக்கும் நாளன்று எந்த வாளியும் நாறாது. நாற்றம், புழு, கசிவு எல்லாம் இரண்டாவது வாரம்தான் தலைகாட்டும். சொல்லிக் கொடுத்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். பாதிப் பேர் கைவிடுவது அங்கேதான். முப்பது வீட்டாரைக் கூட்டி ஒருநாள் பேசுவதை விட, ஐந்து வீட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபத்தைந்தாம் நாள் போய் மூடியைத் திறந்து பாருங்கள்.

பெரிய தவறு, காய்ந்த பொருளைப் பற்றி வாயே திறக்காதது. காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். சருகு சேராவிட்டால் காற்றுப் புகாமல் கெட்டு, அழுகிய முட்டை வாடை வரும். ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போட வேண்டும். "கொஞ்சம் தூவுங்க" என்று சொன்னால் ஒரு பிடிதான் விழும். கிண்ணத்தைக் கையில் கொடுத்து அளக்க வையுங்கள். வாளியில் இருப்பதை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சருகுக்கு எங்கே போவது? மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் உதிர்ப்பதைத் தெருமுனையில் கூட்டிக் கொளுத்துகிறோமே, அதேதான். அப்போதே சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் தேடினால் நனைந்த சருகுதான் கிடைக்கும்.

ஒரே வாளியோடு தொடங்க வைப்பதும் தவறு. நான்கு பேர் உள்ள வீட்டில் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒரு மாதத்துக்குள் நிரம்பிவிடும். நிரம்பியது மக்கி உரமாக முற்ற இன்னும் 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை புதுக் கழிவு எங்கே போகும்? மூன்று வாளி வேண்டும். பக்கவாட்டிலும் அடியிலும் சூடு காட்டிய கம்பியால் துளையிட்டு, இரண்டு செங்கல் மேல் வைத்து, கசிவுக்கு ஒரு தட்டு வையுங்கள். வாளியை இலவசமாகக் கொடுத்தால் அது தண்ணீர் பிடிக்கப் போய்விடும். சிறு தொகையாவது வாங்குங்கள்.

புழுவைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் உரம் வாளியோடு குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். தட்டையாக, பழுப்பு நிறத்தில் நெளிபவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கெடுதல் செய்யாதவை, கழிவைத் தின்று குறைப்பவை. வேண்டாம் என்பவர்கள் மேலே நான்கு விரல்கடை சருகு மூடினால் குறையும். வெள்ளைப் பூஞ்சைக்கும் பயப்பட வேண்டாம். மீன் முள், எண்ணெய்க் குழம்பு, தயிர்சாதம் மட்டும் பழகும்வரை ஒதுக்கச் சொல்லுங்கள்.

யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூட்டத்துக்கு வருபவர் வீட்டுக்காரர். தோலைத் தொட்டியில் போடுபவர் வேலைக்கு வரும் அக்கா. அவரிடம் நேரில் காட்டாமல் எந்தச் சுவரொட்டியும் பலிக்காது.

அதே கூட்டத்தில் மஞ்சப்பை, மழைநீர்த் தொட்டி, சோலார் என்று எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்.

கடைசியாக, உரம் முற்றும் முன்பே செடிக்குப் போட விடுவது. இலை மஞ்சளாகும், பழி உரத்தின் மேல் விழும். முற்றிவிட்டதா என்று பார்க்க, சலித்த உரத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து சிறு தொட்டியில் வெந்தயம் விதையுங்கள். மூன்று நான்கு நாளில் சீராக முளைத்தால் போடலாம். முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள்.